நல்ல நல்ல குறைகள்

அந்த ஷூ கம்பெனியில் அவரைத் 'தலைவர்' என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். தலைவர் என்றதும் மேசையைத் தட்டிப் பேசுகிற ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். தோல் வெட்டும் மெஷினில் பதினெட்டு வருஷம் நின்றவர். சூப்பர்வைசர் இருமினாலே எழுந்து நிற்கிற சுபாவம். நின்றுகொண்டே வேலை செய்கிறவர் இன்னும் எப்படி எழுந்து நிற்பார் என்று கேட்டால், அது அவருக்குத்தான் தெரியும், நிற்பார்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், ஆள் எடுக்கிற, ஆள் நிறுத்துகிற ஆபீசர் மேடம் அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டனுப்பினாள். என்ன தப்புச் செய்தோமோ என்று நினைத்துக்கொண்டே உள்ளே போனார். மேடம் நாற்காலியைக் காட்டினாள், டீ வரவழைத்தாள். அப்போதே அவர் உஷாராகியிருக்க வேண்டும்.

"உங்க கையெழுத்து அழகா இருக்காமே?"

"ஏதோ இருக்குங்க மேடம்."

"நம்ம கிட்ட ஷூ வாங்குற வெளிநாட்டுக் கம்பெனி இருக்கில்ல, அவங்க தொழிலாளர் கமிட்டி ஒண்ணு இருந்தே ஆகணும்னு சொல்றாங்க. தொழிலாளிங்க குறை சொல்றதுக்கு. இப்ப உலகம் பூரா அப்படித்தானாம். நீங்கதான் தலைவர்."

"தேர்தல் எதுவும் வெக்க வேணாங்களா மேடம்?"

"வெச்சாச்சே" என்றாள் மேடம். மறுநாள் கேன்டீனில் ஒரு அட்டைப் பெட்டியை வைத்து, நாலு பேரைக் காகிதம் போடச் சொல்லி, போட்டோ எடுத்தார்கள். போட்டோவில் தலைவர் சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு சிரிக்கிறார். ஓட்டுப் போட்ட நாலு பேரும் எதற்குப் போட்டோம் என்று தெரியாமலே மெஷினுக்குத் திரும்பினார்கள்.

வேலை என்ன தெரியுமா? மாசத்தின் கடைசிச் சனிக்கிழமை மேடம் அறையில் உட்கார்ந்து, நடக்காத கூட்டத்துக்கு மினிட்ஸ் எழுத வேண்டும். யார் யார் வந்தார்கள், என்ன பேசினார்கள், என்ன முடிவானது என்று புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஏசி அறை, மெத்தை போட்ட நாற்காலி, பிஸ்கட் வேறு. முதல் மூன்று மாதம் 'குறை ஏதும் இல்லை' என்று ஒரே வரியில் முடித்தார். நாலாவது மாதம் வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து சோதனைக்கு வந்தவர் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, நானூறு பேர் வேலை செய்கிற இடத்தில் ஒருத்தருக்குக்கூட ஒரு குறையும் இல்லையா என்று புருவத்தைத் தூக்கினார். அவர் போனதும் மேடம் தலைவரைப் பிடித்துக்கொண்டாள்.

"கொஞ்சமாவது குறை எழுதுங்க. ஆனா சின்னச் சின்னக் குறையா இருக்கணும். புரியுதா?"

புரிந்தது. சும்மா சொல்லக் கூடாது, அந்த விஷயத்தில் மனுஷருக்கு ஒரு கை இருந்தது. 'கேன்டீன் டீ, டம்ளர் கழுவின தண்ணீர் மாதிரி இருப்பதாகத் தையல் பிரிவினர் தெரிவித்தனர்' என்று எழுதினார். 'பெண்கள் கழிப்பறையில் மூன்றாவது கதவின் தாழ்ப்பாள் விழவில்லை.' 'கம்பெனி பஸ்ஸில் பின்சீட்டுக் கம்பி குத்துகிறது.' ஒரு மாதம், ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்று இரண்டு உறுப்பினர்கள் சண்டை போட்டுக்கொண்டதாகவும், தலைவர் தலையிட்டுச் சமாதானம் செய்ததாகவும் எழுதினார். எழுதி முடித்துப் படித்தபோது அந்தச் சண்டை நிஜமாகவே நடந்த மாதிரி அவருக்கே தோன்றியது. நல்ல நல்ல குறையாக யோசிப்பதற்கென்றே பஸ்ஸில் வரும்போது அரைமணி நேரம் ஒதுக்கினார். வெட்கக்கேட்டைக் கேளுங்கள், தாழ்ப்பாளை நிஜமாகவே மாற்றிவிட்டார்கள். தையல் பிரிவுப் பெண்கள் வந்து, "தலைவரே, உங்களாலதான்" என்று சொன்னார்கள். அன்றையிலிருந்து தான் ஏதோ நல்லது செய்துகொண்டிருப்பதாக நம்பத் தொடங்கினார்.

அவருக்கு ஒரே தங்கச்சி. இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். அவள் புருஷன் லாரி ஓட்டுகிறவன், மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டான். மேடத்திடம் சொல்லி அவளுக்கு சோல் ஒட்டும் பிரிவில் வேலை வாங்கிக் கொடுத்ததும் தலைவர்தான். ஷூவின் மேல்பாகத்தையும் அடிப்பாகத்தையும் சொல்யூஷன் என்கிற பசையைத் தடவி ஒட்டுகிற இடம் அது, பசைப் பிரிவு என்றும் சொல்வார்கள். நீளமான கொட்டகை, தூசி உள்ளே வரக் கூடாது என்று ஜன்னல்களை ஆணியடித்திருப்பார்கள். உள்ளே நுழைந்தால் கண் எரியும். ஒரு மணி நேரத்தில் பழகிவிடும். பழகிவிடுகிறதே, அதுதான் பொல்லாதது.

இரண்டு வருஷம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி அவர் வீட்டுக்கு வந்தாள்.

"அண்ணா, கொஞ்ச நாளா விரல் நுனியெல்லாம் மரத்துப் போகுது. ஊசி எடுத்தா கையில இருக்கா இல்லியான்னே தெரியல. எங்க செக்ஷன்ல நாலஞ்சு பேருக்கு இப்படித்தான். அந்தச் சொல்யூஷன் வாடைதான் காரணம்னு பேசிக்கறாங்க. நீதான் தலைவராச்சே, ஒரு வார்த்தை எழுதேன்."

"எழுதறேன், எழுதறேன்" என்றார். அந்தச் சனிக்கிழமை எழுதவும் செய்தார், அதையும் சொல்லிவிட வேண்டும். 'பசைப் பிரிவில் காற்று இல்லை, விரல் மரத்துப்போவதாகப் புகார்' என்று பென்சிலில் எழுதி மேடத்திடம் காட்டினார். மேடம் படித்தாள். முகம் மாறவில்லை. ரப்பரை எடுத்து அழித்து, தூளை வாயால் ஊதினாள்.

"இதெல்லாம் டாக்டர் விஷயம், கமிட்டி விஷயம் இல்ல. அது இருக்கட்டும், உங்க புத்தகத்துல குறையாவே இருக்கு. நடுவுல ஒரு நன்றியும் வரணும்ல? பசைப் பிரிவிலேருந்தே வரட்டும்."

தலைவர் பேனாவை எடுத்தார். 'பசைப் பிரிவில் காற்றோட்ட வசதி சிறப்பாக உள்ளதற்கு நிர்வாகத்துக்கு நன்றி தெரிவிக்கப்பட்டது.' யார் தெரிவித்தார்கள் என்று பெயர் போட வேண்டும், பக்கத்தில் கையெழுத்தும் வேண்டும். அங்கேதான் அவர் யோசித்தார். அடுத்தவர்கள் பெயரைக் கேட்காமல் இப்படி ஒன்றில் போடுவது தர்மம் இல்லையே என்று மனசு உறுத்தியது. நம் வீட்டுப் பிள்ளை என்றால் பாதகமில்லை, நாளைக்குக் கேட்டாலும் சொல்லிக்கொள்ளலாம். தங்கச்சியின் பெயரை எழுதினார், அவள் கையெழுத்தையும் தானே போட்டார். மனுஷர் நியாயம் பார்த்த லட்சணம் இது. எழுதினவர் அவளிடம் சொன்னாரா என்றால், மறந்தே போனார்.

அதற்கப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன், நீட்டிச் சொல்லத் தெம்பில்லை. விரலில் ஆரம்பித்த மரப்பு மணிக்கட்டுக்கு ஏறியது, அப்புறம் பாதங்களுக்கும் வந்தது. சோல் கையிலிருந்து நழுவியது, டார்கெட் குறைந்தது, மேடம் அவளை நிறுத்தினாள். அவளோடு சேர்த்து நாற்பத்தொரு பேர், எல்லாரும் பசைப் பிரிவு. நரம்பு போய்விட்டது, சொல்யூஷனில் இருந்த மருந்துதான் காரணம், போனதில் பாதிகூடத் திரும்பி வராது என்று பெரியாஸ்பத்திரி டாக்டர் எழுதிக் கொடுத்தார்.

ஒரு வக்கீலம்மா இவர்களைத் தேடி வந்தாள். குள்ளமான பெண், தோளில் பெரிய பை, யார் வீட்டிலும் தரையில்தான் உட்காருவாள். அவள் விளக்கினாள்: "இங்க இருக்கிற கம்பெனியைக் கேட்டா அவன் ஷூ வாங்குற வெளிநாட்டுப் பெரிய கம்பெனியைக் கை காட்டுவான். பெரிய கம்பெனியைக் கேட்டா, நாங்க ஷூ வாங்குறவங்க மட்டும்தாம்பான். இத்தனை காலமும் அப்படியே தப்பிச்சாங்க. இப்ப அவங்க நாட்டுலயே சட்டம் வந்திருக்கு. உலகத்துல எங்க தனக்கு வேலை நடந்தாலும், அங்க ஆளுங்க உடம்பு கெடாம பாத்துக்க வேண்டியது அவங்க பொறுப்பு. தொழிலாளிங்க பயமில்லாம சங்கம் வெக்கலாம், குறை சொல்லலாம்னு சர்வதேச ஒப்பந்தமே இருக்கு. அதையெல்லாம் வெச்சு, அவங்க ஊர்க் கோர்ட்லயே கேக்கப் போறோம்." மனுவில் முதல் பெயராகத் தங்கச்சியின் பெயரைப் போட்டாள். நோய் முற்றினதும் அவளுக்குத்தான், கோர்வையாகப் பேசத் தெரிந்ததும் அவளுக்குத்தான்.

எட்டு மாதம் கழித்துப் பெரிய கம்பெனியின் பதில் வந்தது. வக்கீலம்மா அதைத் தூக்கிக்கொண்டு தங்கச்சி வீட்டுக்கு வந்தபோது தலைவரும் அங்கே இருந்தார்.

"நாங்க கவனிக்காம இல்ல, கமிட்டி வெச்சுக் கவனிச்சோம்னு சொல்றாங்க. ஆறு வருஷ மினிட்ஸை மொழிபெயர்த்துக் கோர்ட்ல குடுத்திருக்காங்க. டீ நல்லா இல்லேன்னு எழுதியிருக்கு, பஸ் சீட்டு குத்துதுன்னு எழுதியிருக்கு. டீயைப் பத்திக்கூடத் தைரியமா குறை சொன்னவங்க, விரல் மரத்துப் போச்சுன்னா சொல்லியிருக்க மாட்டாங்களான்னு கேக்கறாங்க. எனக்கே படிச்சப்ப நியாயமாத்தான் பட்டுது. அதை விடுங்க, இது என்ன?"

ஒரு பக்கத்தின் நகலை எடுத்துத் தரையில் வைத்தாள்.

"பசைப் பிரிவுல காத்து நல்லா வருதுன்னு நீங்களே நன்றி சொல்லிக் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. கேஸ்ல முதல் பேரே நீங்க. சொன்னீங்களா, இல்லியா?" தங்கச்சி வாயைத் திறப்பதற்குள் தலைவர் பக்கம் திரும்பினாள். "நீங்கதானே தலைவர்? கூட்டத்துல இவங்க சொன்னாங்களா?"

தலைவர் முகத்தில் ஈயாடவில்லை. இல்லை என்று ஒரு வார்த்தை, அதற்கு எத்தனை நேரம் ஆகும்? ஆனால் அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் வேலை போகும், பொய்க் கையெழுத்து என்று போலீஸ்கூட வரும், பெரிய மகள் காலேஜில் படிக்கிறாள், சின்னவள் பத்தாவது. எல்லாம் ஒரு நொடியில் வரிசையாக வந்து நின்றன.

"மினிட்ஸ்ல இருந்தா... சொல்லியிருப்பாங்க" என்றார்.

தங்கச்சி குனிந்து அந்தக் காகிதத்தைப் பார்த்தாள். அந்த எழுத்து அவளுக்குத் தெரியாதா? பள்ளிக்கூடத்தில் அவளுடைய நோட்டு அட்டைகளில் பெயர் எழுதிக் கொடுத்ததெல்லாம் அந்தக் கைதானே. நிமிர்ந்து அண்ணனை ஒருதரம் பார்த்தாள். அப்புறம் வக்கீலம்மாவைப் பார்த்து, "ஆமாங்க, நான்தான் சொன்னேன். அப்ப தெரியாம சொல்லிட்டேன்" என்றாள்.

தலைவர் பக்கத்திலிருந்த சொம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தார். அடப்பாவி, தண்ணீர் குடித்தார் ஐயா. அது மட்டும்தான் அந்த நேரத்தில் அவர் செய்தது.

வக்கீலம்மா திட்டவில்லை. முதல் பெயரை எடுத்துவிட வேண்டியிருக்கும், மற்றவர்களின் கேஸும் இதனால் ஆட்டம் காணும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் பையை மாட்டிக்கொண்டாள். விஷயம் தெருவுக்குப் போக ஒரு நாள்கூட ஆகவில்லை. கம்பெனிக்காரனிடம் எதையோ வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டிருக்கிறாள் என்று பேசினார்கள். அவளோடு ஒரே மேசையில் வேலை செய்து ஒரே நோயை வாங்கிக்கொண்ட பெண்கள், தண்ணீர்க் குழாயடியில் அவளைக் கண்டதும் குடத்தைத் தள்ளி வைத்தார்கள்.

தலைவர் வேலைக்குப் போய்வந்தார். பதினோரு நாள் போனார். நடுவில் ஒருநாள் மேடம் கூப்பிட்டு அவர் கையைக் குலுக்கினாள். "உங்க புத்தகம்தான் கம்பெனியைக் காப்பாத்துது. எவ்வளவு இயல்பா எழுதியிருக்கீங்க! அந்த ஜன்னல் சண்டையைப் படிச்சு அவங்க வக்கீல் சிரிச்சாராம்." சிறந்த தொழிலாளர் பிரதிநிதி என்று ஒரு சான்றிதழும் கொடுத்தாள், கண்ணாடிச் சட்டம் போட்டது. அதை வீட்டுக்கு எடுத்துப் போகவும் முடியாமல் வழியில் போடவும் முடியாமல் சாப்பாட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டு பஸ்ஸில் நின்றார். பின்சீட்டு காலியாக இருந்தது, உட்காரக் கூசியது.

பன்னிரண்டாம் நாள் விடுமுறை. காலையில் மனைவி வெளியே போய்விட்டுத் திரும்பி வந்தாள்.

"விடிஞ்சதும் விடியாததுமா எங்க போயிட்டு வர்றே?"

"உங்க தங்கச்சிக்குத் தலை பின்னி, ஜாக்கெட் பொத்தான் போட்டுட்டு வர்றேன். நாலு மாசமா தினம் போறேன். அவ விரலால பொத்தான் போட முடியாதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது. கூடப் பிறந்தவர், இரண்டு தெரு தள்ளி இருக்கிறவர், தெரியாது.

மனைவி அவர் பக்கம் திரும்பாமலே சொன்னாள். "அந்த எழுத்து யாருதுன்னு அவ எங்கிட்ட சொல்லிட்டா. நான் ஆடிப் போயிட்டேன். உங்ககிட்ட கேக்கப் போறேன்னேன். வேண்டாம் அண்ணி, கேக்காதீங்க, அண்ணனுக்கு வெக்கமா இருக்கும்னா."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார், காறித் துப்பியிருந்தால்கூடத் துடைத்துக்கொண்டு போயிருப்பார். தன் வெட்கத்தையும் அவளே காபந்து பண்ணுகிறாள் என்றதும் மனுஷர் கூனிக் குறுகிப் போனார். அரைமணி நேரம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அப்புறம் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் எழுந்து நேரே தங்கச்சி வீட்டுக்குப் போனார். அவள் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு அரிசியில் கல் தேடிக்கொண்டிருந்தாள், விரலுக்குத் தெரியாததால் கண்ணைக் கிட்டத்தில் வைத்துக்கொண்டு.

"நான்தான் எழுதினேன்" என்றார், வாசலில் நின்றபடியே.

"அது தெரியும். உள்ள வா."

"உன் பேரைப் போட்டுட்டேன்."

"ஏன் அண்ணா, நன்றி சொல்ல நானூறு பேர்ல வேற ஆளே கிடைக்கலியா?"

"மத்தவங்க பேரைக் கேக்காம போடறது தப்புன்னு..."

தங்கச்சி அவரையே பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். முறம் குலுங்கி அரிசி தரையெல்லாம் சிதறியது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. அது சிரிப்புத் தண்ணீர்தானா என்று நிமிர்ந்து பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை.

"அப்ப என்னைக் கேக்காம போட்டா தப்பில்லியா?" என்றாள்.

அன்றே வக்கீலம்மாவின் ஆபீசுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னார். அவள் எழுதிக்கொண்டே வந்தவள், ஓரிடத்தில் பேனாவை வைத்துவிட்டாள். "பன்னெண்டு நாளா உங்க தங்கச்சியை ஊரே தூத்துது, நீங்க மெஷின்ல நின்னுக்கிட்டிருந்தீங்களா?" என்றாள். தலைவர் ஆமாம் என்றார். வேலை அந்த வாரமே போய்விட்டது. மேடம் அவரைப் பார்க்கக்கூட வரவில்லை, வாட்ச்மேனிடம் கடிதம் கொடுத்தனுப்பினாள்.

இரண்டு மாதம் கழித்து அந்த நாட்டு நீதிமன்றம் அவரை விசாரித்தது. வக்கீலம்மா ஆபீசில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார்கள். திரையில் நரைத்த தலையோடு ஒரு பெண் நீதிபதி, பக்கத்துக் கட்டத்தில் பெரிய கம்பெனியின் வக்கீல், இன்னொரு கட்டத்தில் மொழிபெயர்க்கிற பெண். தங்கச்சி சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

எதிர்த் தரப்பு வக்கீல் மரியாதையான மனுஷர், குரலே உயரவில்லை. ஒவ்வொரு பக்கமாகக் கேட்டார். டீ பற்றி எழுதியது பொய்யா? ஆமாங்க. பஸ் சீட்டு? நானா யோசிச்சு எழுதினதுங்க. இரண்டு உறுப்பினர்கள் சண்டை போட்டார்களே? அப்படி ரெண்டு பேரே கிடையாதுங்க. உங்கள் தங்கையின் கையெழுத்து? நான் போட்டதுங்க. ஒவ்வொரு பதிலுக்கும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. கடைசியில் வக்கீல் காகிதத்தை மூடிவைத்தார்.

"ஆறு வருஷம் மாதம் தவறாமல் பொய் எழுதியிருக்கிறீர்கள். அதுவும் நம்பும்படியாக எழுதியிருக்கிறீர்கள். இன்றைக்கு நீங்கள் சொல்வது உண்மை என்று நீதிமன்றம் எதை வைத்து நம்புவது?"

கேள்வி நியாயமானது. தலைவர் யோசித்துப் பார்த்தார், காட்டுவதற்கு ஒன்றும் இல்லை.

"நம்ப வேணாங்க" என்றார். "என்னை நம்பாதீங்க. என் தங்கச்சி இங்கதான் இருக்கா. அவளை அந்தக் கதவு வரைக்கும் நடக்கச் சொல்லிப் பாருங்க."

எதிர்த் தரப்பு வக்கீல் ஆட்சேபித்தார். நீதிபதி, அந்த அம்மாவுக்குச் சம்மதம் என்றால் நடக்கட்டும் என்றாள். வக்கீலம்மா கம்ப்யூட்டரைத் திருப்பி வைத்தாள். தங்கச்சி மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். புடவை நுனியைச் சரிசெய்துகொண்டு, தரையைப் பார்க்காமல் கதவையே பார்த்தபடி நடந்தாள். நாலாவது அடியில் இடது கால் செருப்பு கழன்று நின்றுவிட்டது. அவள் நிற்கவில்லை. ஒரு காலில் செருப்போடும் ஒரு காலில் இல்லாமலும் கதவு வரை போனாள், திரும்பினாள், அதே மாதிரி நடந்து வந்தாள். கழன்ற செருப்பை மிதித்துக்கொண்டே தாண்டினாள், அதுவும் அவளுக்குத் தெரியவில்லை.

"போதுமா? சரியாத்தானே நடந்தேன்?" என்று அண்ணனைக் கேட்டாள்.

ஆறேழு மாதமாக அவள் நடக்கும்போதெல்லாம் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்த தலைவர் அன்றைக்குத்தான் முழுசாகப் பார்த்தார். எழுந்து போய் அந்தச் செருப்பை எடுத்துவந்தார். அவள் காலடியில் மண்டி போட்டு, பாதத்தைப் பிடித்து மாட்டிவிட்டார். அவர் தலை தன் முழங்காலுக்குக் கீழே தெரிந்த பிறகுதான் அவள் குனிந்து பார்த்தாள்.

"ஐயோ, என்ன அண்ணா இது, எழுந்திரு, எல்லாரும் பாக்கறாங்க" என்றவள், செருப்பைக் கண்டாள். குரல் இறங்கிவிட்டது. "இது எப்ப கழண்டுச்சு?"

மொழிபெயர்க்கிற பெண் அந்தக் கேள்வியை அந்த நாட்டு மொழியில் சொன்னாள். நீதிபதி அதை எழுதிக்கொண்டு, இன்னும் கேட்க வேண்டியது உண்டா என்று எதிர்த் தரப்பைக் கேட்டாள். அந்த மரியாதையான வக்கீல் இல்லை என்றார். தலைவர் இன்னும் எழுந்திருக்கவில்லை, தங்கச்சியின் பாதத்தைக் கையில் பிடித்தபடியே இருந்தார். தான் பிடித்திருப்பது அவளுக்குத் தெரியாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.